முதல் ஆர்டர் கொடுப்பது யார்?

2004-ஆம் ஆண்டு பெங்களூரு ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் பெயர் இரண்டு கருவிகளோடு சேர்ந்து பேசப்பட்டது. ஒன்று, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில்தான் முதன்முறையாக 543 தொகுதிகளிலும் அதைக் கொண்டே வாக்குப்பதிவு நடந்தது, பி.இ.எல்.லும் ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல்.லும் தயாரித்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் நாடெங்கும் போய்ச் சேர்ந்தன. அதன் உருவாக்கத்தில் எழுத்தாளர் சுஜாதாவுக்கு இருந்த பங்கைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மற்றொன்று, அதே ஆண்டு பி.இ.எல். தயாரித்துக் கடைக்கு வந்த ‘அமிடா’ சிம்ப்யூட்டர். ஊர்க்காரர்கள் இன்றும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்களும், என்கோர் மென்பொருள் நிறுவனத்தின் பொறியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய கையடக்கக் கணினி அது. வாக்குப்பதிவு இயந்திரம் இன்று ஜனநாயகத்தின் அன்றாடக் கருவி. சிம்ப்யூட்டரோ சில ஆயிரம் மட்டுமே விற்று, சில ஆண்டுகளில் மறைந்துபோனது. இரண்டுக்கும் ஊர் ஒன்று, தயாரித்த நிறுவனம் ஒன்று, பொறியாளர்களின் திறமையிலும் குறைவில்லை. ஒன்றுக்கு வாங்குபவர் இருந்தார், மற்றதற்கு இல்லை. பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவருவது பற்றி நாம் நடத்தும் விவாதங்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த ஒரு விஷயம்தான்.

வாக்குப்பதிவு இயந்திரம் வந்த பாதையைப் பாருங்கள். 1982-இல் கேரளத்தின் பரவூர் சட்டமன்றத் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதலில் பயன்படுத்தப்பட்டது. சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டத்தைத் திருத்த 1988 டிசம்பர் வரை ஆனது. பிறகும் அரசியல் கட்சிகளின் சந்தேகங்கள் தீரவில்லை. 1998-இல்தான் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி ஆகிய இடங்களில் 16 தொகுதிகளில் மறுபடி பயன்பட்டது. பரவூரிலிருந்து 2004 வரை 22 ஆண்டுகள். எந்த முதலீட்டாளரும் இவ்வளவு காலம் ஒரு கருவிக்காகக் காத்திருக்க மாட்டார். தேர்தல் ஆணையம் காத்திருந்தது. குறைகளைச் சொன்னது, திருத்தித் தரக் கேட்டது, சட்டம் மாறியபின் மீண்டும் வந்து வாங்கியது. கருவி முதிர்ச்சி பெற்றது அந்த வாடிக்கையாளரால்தான்.

சிம்ப்யூட்டருக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகிய நான்கு பேராசிரியர்கள் முன்னின்று செய்த முயற்சி அது. 1999-இல் சிம்ப்யூட்டர் அறக்கட்டளை அமைந்தது. 2001-இல் கருவி உலகுக்குக் காட்டப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் உதவ, திரையில் இருப்பதை இந்திய மொழிகளில் வாசித்துக் காட்டும் வசதி அதில் இருந்தது. ஊருக்கு ஒரு கருவியை வாங்கிவைத்து, ஆளுக்கொரு ஸ்மார்ட் கார்டைச் செருகி அவரவர் கணக்கைப் பார்க்கலாம் என்ற யோசனை இருந்தது. அமிடாவில் கையைச் சாய்த்தால் பக்கம் புரளும் அசைவு உணரியும் இருந்தது. ஐபோன் வந்தது 2007-இல். மைசூரின் சங்கமித்ரா நுண்கடன் அமைப்பு, மஹிந்திராவின் வாகன எஞ்சின் பரிசோதனை, சத்தீஸ்கர் பள்ளிப் பிள்ளைகளின் பாடம், கர்நாடக அரசின் நில ஆவண வேலை என அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோதனைகள் நடந்தன. எதுவும் பெரிய ஆர்டராக மாறவில்லை. கருவியிலும் குறைகள் இருந்தன என்பது உண்மை. சுமார் 9,000 ரூபாய்க்குத் தர வேண்டும் என்ற இலக்கு அன்றைய ஏழைக்கு எட்டாதது. பயன்பாட்டு மென்பொருள்கள் குறைவு. செல்போன் விலை மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஆனால் மின்னணுக் கருவியின் விலை எண்ணிக்கை கூடினால்தான் இறங்கும்; மென்பொருள் எழுதுபவர்கள் கருவி பலர் கையில் இருந்தால்தான் வருவார்கள். சிம்ப்யூட்டரின் குறைகள் பலவும் ஆர்டர் இல்லாததால் தீராமல் நின்ற குறைகள்.

இதே நான்கு பேராசிரியர்கள் 2000-ஆம் ஆண்டில் ஸ்ட்ராண்ட் ஜீனோமிக்ஸ் என்ற உயிரித் தகவலியல் நிறுவனத்தையும் தொடங்கினார்கள். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் பணியில் இருந்துகொண்டே தொடங்கிய முதல் நிறுவனம் என்று அதைச் சொல்வார்கள். மரபணுத் தரவுகளை ஆராயும் மென்பொருளை அது எழுதியது. அஜிலென்ட் போன்ற வெளிநாட்டு நிறுவனங்கள் அதை வாங்கின. பிறகு ஸ்ட்ராண்ட் லைஃப் சயின்சஸ் எனப் பெயர் மாறி, மரபணுப் பரிசோதனையிலும் இறங்கி, 2021-இல் ரிலையன்ஸ் குழுமம் 393 கோடி ரூபாய்க்குப் பெரும்பான்மைப் பங்கை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. அதே மூளைகள், அதே ஊர், அதே ஆண்டுகள். இந்திய ஏழைகளுக்காகச் செய்த கருவி மறைந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்காக எழுதிய மென்பொருள் பிழைத்தது. இந்த முரண் எனக்கு வேதனை தருகிறது. ஏழைகளின் சார்பில் வாங்கக்கூடியவர் ஒருவர்தான் உண்டு, அது அரசு. அவர் அன்று வரவில்லை.

இப்போது நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? கண்டுபிடிப்பாளரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறோம். 2021-இல் கல்வி நிறுவனங்களுக்கான காப்புரிமைக் கட்டணம் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. உயிரித் தொழில்நுட்பத்தில் யோசனை நிலையில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் பைராக் அமைப்பு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. சென்னை ஐஐடி 2024-25 நிதியாண்டில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டார்ட்அப்களைத் தன் குடையின் கீழ் கொண்டுவந்தது. 2025 ஜூலையில் ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆராய்ச்சிக்கு நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 0.64 விழுக்காடு மட்டுமே செலவிடும் தேசத்தில் இவை எல்லாமே தேவை. எதையும் குறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை உதவியும் வாங்கிக்கொண்டு ஆய்வகத்தை விட்டு வெளியே வருபவர் எந்தக் கதவைத் தட்டுவார் என்பதற்கு இந்தப் பட்டியலில் பதில் இல்லை.

அந்தக் கதவருகே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். இந்திய அறிவியல் கழகத்தின் நானோ அறிவியல் மையத்தில் பேராசிரியர் நவகாந்த பட், அவருடைய மாணவர் வினய் குமார் ஆகியோரின் ஆய்விலிருந்து 2015-இல் பிறந்தது பாத்ஷோத் ஹெல்த்கேர். சர்க்கரையின் அன்றைய அளவோடு நின்றுவிடாமல், மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே சொல்லும் சிறுநீர் ஆல்புமின் எனப் பலவற்றை ஒரே கையடக்கக் கருவியில் பார்க்கலாம். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனிப் பட்டை. ரத்தச் சோதனைக்கு ஒரு சொட்டு ரத்தம். எச்பிஏ1சி பார்க்க வேண்டுமென்றால் மாவட்டத் தலைநகருக்கோ தனியார் ஆய்வகத்துக்கோ போக வேண்டிய கிராமத்து நோயாளிக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையிலேயே விடை கிடைக்கும். இத்தகைய ஒரு கருவியை அரசு வாங்க நினைத்தால் என்ன ஆகும்? டெண்டர் வெளியாகும். அதன் முதல் சில பக்கங்களிலேயே, கடந்த மூன்று நிதியாண்டுகளின் சராசரி விற்றுமுதல் எவ்வளவு, இதே வகைக் கருவியை இதற்கு முன் எந்தெந்த அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கினீர்கள், அதற்கான சான்றுகள் எங்கே என்ற கேள்விகள் இருக்கும். உலகத்திலேயே முதலில் செய்யப்பட்ட ஒரு பொருளுக்கு முந்தைய விற்பனைச் சான்று எங்கிருந்து வரும்? அதைத் தாண்டினால், விலை குறைவாகக் கேட்டவருக்கே ஆர்டர் என்ற விதி. ஒரு சோதனை மட்டும் செய்யும் இறக்குமதிக் கருவியும், ஐந்து சோதனை செய்யும் உள்ளூர்க் கருவியும் ஒரே விலைப்பட்டியலில் நிற்கும்.

இந்தத் தடை தெரியாமல் இல்லை. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளே, தரமும் தொழில்நுட்ப நிபந்தனைகளும் நிறைவேறினால், ஸ்டார்ட்அப்களுக்கு முன் அனுபவத்தையும் விற்றுமுதலையும் தளர்த்தலாம் என்று சொல்கின்றன. ஆனால் தளர்த்துவது அதிகாரியின் விருப்பம். தளர்த்தி வாங்கிய கருவி பழுதானால் தணிக்கைக் குறிப்பு அவர் பெயருக்கு வரும். ஓய்வூதியம் வரை அது துரத்தும். தளர்த்தாமல், வாங்காமல் விட்டதற்காக யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. இந்த நிலையில் அந்த நாற்காலியில் நானோ நீங்களோ உட்கார்ந்திருந்தாலும் தளர்த்தியிருக்க மாட்டோம். குறை அதிகாரியின் மனதில் இல்லை. புதியதை வாங்குவதன் ஆபத்து முழுவதையும் ஒரு தனிமனிதர் தலையில் வைக்கும் முறையில் இருக்கிறது.

பெங்களூரு இதை வேறுவிதமாகச் செய்த காலம் உண்டு. சதீஷ் தவன் 1962 முதல் 1981 வரை இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். 1972 முதல் 1984 வரை இஸ்ரோவின் தலைவர். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஒரே மனிதர் ஒரு கையில் ஆய்வகத்தையும் மறு கையில் அதன் மிகப் பெரிய வாடிக்கையாளரையும் வைத்திருந்தார். பீன்யா தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் உருவான ஆர்யபட்டா செயற்கைக்கோள் 1975 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. இஸ்ரோ இந்திய அறிவியல் கழகத்தில் தனக்கென ஒரு விண்வெளித் தொழில்நுட்பப் பிரிவையே 1982-இல் நிறுவி, தன் சிக்கல்களைப் பேராசிரியர்களிடம் கேள்விகளாக அனுப்பியது. சின்னச் சின்னப் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் உதிரிபாக ஆர்டர் போனது. இந்த நகரம் தொழில்நுட்ப நகரமானதற்கு மென்பொருளையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். அதற்கு முன்பே, எச்.ஏ.எல்., பி.இ.எல்., இஸ்ரோ போன்ற பொறுமையான, கறாரான வாடிக்கையாளர்கள் இங்கே இருந்தார்கள் என்பது அதைவிட முக்கியம்.

பாதுகாப்புத் துறை அந்தப் பாடத்தை மறுபடி படித்திருக்கிறது. 2018-இல் தொடங்கிய ஐடெக்ஸ் திட்டத்தில் முப்படைகள் தங்கள் சிக்கலை வெளிப்படையாக அறிவிக்கின்றன. தீர்வு தருபவருக்கு வளர்ச்சி நிதி கிடைக்கிறது. சோதனையில் தேறினால் வாங்குவதற்கும் கொள்முதல் நடைமுறையிலேயே வழி வைத்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் தொடங்கி பெங்களூரிலிருந்து இயங்கும் க்யூநூ லேப்ஸ், குவாண்டம் முறையில் ரகசியச் சாவிகளைப் பரிமாறும் கருவியை இந்த வழியில்தான் செய்தது. 150 கிலோமீட்டருக்கு மேல் அது இயங்குவதைக் காட்டியபின், 2022-இல் ராணுவம் வாங்கும் நடவடிக்கையைத் தொடங்கியது. குடிமக்களுக்கான பெரும்பாலான துறைகளில் இதற்கு இணையாக ஒன்றும் இல்லை. அமெரிக்கா 1982-இலேயே சிறு நிறுவனங்களுக்கான புத்தாக்க ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பெரிய அரசுத் துறைகள் ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியே தீர வேண்டும். முதல் இரு கட்டங்களில் தேறிய பொருளை மூன்றாம் கட்டத்தில் மறுபடி போட்டி வைக்காமலே வாங்கலாம். குவால்காம் தன் தொடக்க நாட்களில் இந்தப் பணத்தால் பயனடைந்த நிறுவனம். நாமும் 2005-இல் ஏறக்குறைய அதே பெயரில் உயிரித் தொழில்நுட்பத் துறையில் ஒரு திட்டம் தொடங்கினோம். நிதி தரும் பகுதியை எடுத்துக்கொண்டோம். வாங்கும் பகுதியை விட்டுவிட்டோம்.

நம் அரசுக்கு முன்கூட்டி வாங்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021 ஜூனில் பயோலாஜிக்கல் இ நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசி மூன்றாம் கட்டப் பரிசோதனையில் இருக்கும்போதே, 30 கோடி டோஸுக்காக 1,500 கோடி ரூபாய் முன்பணம் தர மத்திய அரசு முடிவெடுத்தது. பின்னர் கோர்பிவேக்ஸ் என்று பெயர்பெற்ற அந்தத் தடுப்பூசியின் அடிப்படை, அமெரிக்காவின் பேய்லர் மருத்துவக் கல்லூரி ஆய்வகத்திலிருந்து வந்தது. ஒரு பல்கலைக்கழகக் கண்டுபிடிப்புக்கு, அது முழுமையாக நிரூபணமாகும் முன்பே, இந்திய அரசு வாடிக்கையாளராக நின்றது. அவசரம் வந்தபோது முடிந்தது, அவசரம் இல்லாதபோதும் சிறிய அளவில் முடியும்.

இதற்கு வரும் முதல் எதிர்ப்பு வலுவானது: போட்டியில்லாமல் வாங்க அனுமதித்தால் ஊழலுக்குக் கதவு திறந்துவிடும். தமிழ்நாடு 1998-லும் கர்நாடகம் 1999-லும் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டங்களைக் கொண்டுவந்தது வேண்டியவர்களுக்கு ஆர்டர் போவதைத் தடுக்கத்தான். கர்நாடகச் சட்டத்தின் 4(ஜி) பிரிவு டெண்டரிலிருந்து தரும் விலக்கு எத்தனை சர்ச்சைகளைக் கிளப்பியிருக்கிறது என்பதை இந்த மாநில அரசியலைக் கவனிப்பவர்கள் அறிவார்கள். ஆகவே விலக்கைக் கூட்டச் சொல்லவில்லை. வேண்டுவது வரம்புக்குட்பட்ட, எல்லோர் கண்ணுக்கும் தெரியும் சோதனைக் கொள்முதல். சிக்கலைத் துறை முதலில் அறிவிக்கட்டும். விடையளிப்பவர்களின் கருவிகளை, அவற்றோடு தொடர்பில்லாத ஓர் அரசு மருத்துவக் கல்லூரியோ பொறியியல் கல்லூரியோ சோதிக்கட்டும். முடிவுகள் அனைத்தும், தோற்றவையும் சேர்த்து, வெளியிடப்படட்டும். தேறியதைச் சில நூறு எண்ணிக்கையில் மட்டும் வாங்கட்டும். கேரளத்தில் ஸ்டார்ட்அப் மிஷன் வழியாக ஒரு வரம்புக்குள் துறைகள் நேரடியாக வாங்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. சோதனைக் கொள்முதலில் சில கருவிகள் தோற்கும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு, அந்தத் தோல்விக்கு அதிகாரியைப் பொறுப்பாக்காத விதி ஒன்றும் வேண்டும். தணிக்கை, நடைமுறை நேர்மையாக இருந்ததா என்று பார்க்கட்டும். ஒவ்வொரு கருவியும் வென்றதா என்று பார்க்க வேண்டியதில்லை.

நல்ல பொருள் தானே சந்தையைத் தேடிக்கொள்ளும், அரசு எதற்கு என்பார்கள். ஏத்தர் எனர்ஜியைக் காட்டுவார்கள். சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-இல் தொடங்கி, பெங்களூரு வந்து, 2018-இல் முதல் ஸ்கூட்டரை விற்று, ஒசூரில் ஆலை வைத்து, 2025 மே மாதம் பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனம் அது. பெருமைப்பட வேண்டிய கதை. ஆனால் ஸ்கூட்டரை வாங்குவது தனிமனிதர். அவருக்கு விலையைக் குறைத்துக் காட்ட மத்திய அரசின் மின்வாகன மானியம் இருந்தது. வாங்குபவர் பக்கம் அரசு நின்ற கதைதான் அதுவும். ஆரம்ப சுகாதார நிலையத்துக் கருவிக்கும், ஏரித் தண்ணீரின் நச்சை அளக்கும் உணரிக்கும், குடிநீர்க் குழாயின் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிக்கும் தனிமனித வாடிக்கையாளர் கிடையாது. அங்கே சந்தை என்றாலே அரசு அலுவலகம்தான்.

பல்கலைக்கழகம் வியாபாரக் கூடமாகிவிடும், அடிப்படை ஆராய்ச்சி வாடும் என்ற கவலையையும் அலட்சியப்படுத்தக் கூடாது. காப்புரிமை எண்ணிக்கையை வைத்துப் பேராசிரியர்களை அளப்பது இந்தக் கேட்டை நிச்சயம் கொண்டுவரும். காப்புரிமையில் காசு பார்க்கலாம் என்ற கனவும் பெரும்பாலும் வீண். கூகுளின் பங்குகளை விற்று ஸ்டான்ஃபோர்டு 33.6 கோடி டாலர் பெற்றதைச் சொல்வார்களே தவிர, அமெரிக்காவில் பெரும்பாலான தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகங்கள் தங்கள் செலவைக்கூட ஈட்டுவதில்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். வாங்குபவரை உருவாக்கும் வழி இந்த அழுத்தத்தைக் குறைக்கும். என்ன தேவை என்று துறைகள் தெளிவாகச் சொன்னால், சந்தையைத் தேடி அலையும் வேலை பேராசிரியருக்கு இல்லை. விரும்பியவர் கேள்வியை எடுத்துக்கொள்வார், மற்றவர் தம் ஆராய்ச்சியைத் தொடர்வார். சந்தை ஆலோசகர்களையும் முதலீட்டாளர்களையும் அருகில் வைத்திராத மாவட்டப் பொறியியல் கல்லூரிகளுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும்கூட அப்போதுதான் வாய்ப்பு. இன்று இந்த ஆட்டம் ஐஐடிகளோடும் இந்திய அறிவியல் கழகத்தோடும் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது.

பெங்களூரின் குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து காவிரி நீரை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவருகிறோம். 2024 அக்டோபரில் தொடங்கிய ஐந்தாம் கட்டம் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் கூடுதலாகத் தருகிறது. இவ்வளவு மின்சாரம் செலவிட்டு வந்த நீரில் ஒரு பகுதி பழைய குழாய்களில் கசிந்து மண்ணுக்குள் போகிறது. கசிவைக் கேட்டறியும் உணரியைச் செய்யக்கூடிய ஆய்வகங்கள் அதே நகரத்தில் இருக்கின்றன. குடிநீர் வாரியம் ஒரு வட்டாரத்தைச் சோதனைக்குத் திறந்துவிட்டு, ‘இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடித்தால் இத்தனை கருவி வாங்குவோம்’ என்று எழுதிக் கொடுத்தால், எந்தப் போட்டியும் எந்தப் பரிசும் செய்யாத வேலையை அந்த ஒரு தாள் செய்யும். வங்கியும் முதலீட்டாளரும் அந்தத் தாளை நம்பித்தான் பணம் தருவார்கள். வாங்கியபின் பணத்தை நேரத்துக்குத் தருவதும் இதில் சேரும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆறு மாதம் பில் தேங்கினால் பத்துப் பேர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குச் சம்பளம் தர வழி இருக்காது.

கர்நாடக அரசுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பட்ஜெட்டில் இன்னொரு இன்குபேட்டர் கட்டடத்தை அறிவிக்கும் முன், சுகாதாரம், குடிநீர், வேளாண்மை ஆகிய மூன்று துறைகளின் கொள்முதல் தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கை இந்த மாநிலத்தின் பல்கலைக்கழக ஆய்வகங்களிலிருந்து பிறந்த பொருட்களின் சோதனைக் கொள்முதலுக்கு ஒதுக்குங்கள். எந்தத் துறை எதை வாங்கியது, எது தேறியது, எது தோற்றது, பணம் எத்தனை நாளில் போனது என்பதை ஆண்டுதோறும் சட்டப்பேரவையில் வையுங்கள். தமிழ்நாட்டின் துறைச் செயலர்களுக்கும் இதே வேண்டுகோள்தான்.